வேனில் வந்த சந்தனக் கிண்ணம்

ப்ராஜெக்டின் முதல் ரெவ்யூவில் மனோரமா மேடம் எல்லா அணிகளிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார். "இது வேலை செய்யாமப் போனா உங்களை யாரு திட்டுவாங்க?"

திருப்பதியில் அந்தப் பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டு வகுப்பில் அத்தனை அணிகளும் நூலக மேலாண்மையைத்தான் எடுத்திருந்தன. புத்தகம் ஒரு கட்டம், உறுப்பினர் ஒரு கட்டம், நூலகர் ஒரு கட்டம், நடுவில் அம்புக்குறிகள். சீனியர்கள் வரைந்த படம் கைமாறிக் கைமாறி வந்தது. அணிக்கு அணி வித்தியாசம் கட்டங்களின் நிறத்தில் மட்டும் இருந்தது. தரணியும் கிரண்குமாரும் சேர்ந்த அணி பச்சை நிறம்.

"நம்ம லைப்ரரியில ஏற்கெனவே ஒரு சாஃப்ட்வேர் நல்லா ஓடிக்கினு இருக்குது. உங்களோடதுக்காக அங்க யாரும் காத்துக்கினு இல்ல" என்றார் மேடம். சித்தூர்க்காரர். பாடத்தைத் தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் நடத்துவார். தமிழ்நாட்டு எல்லைப்புறத்துப் பிள்ளைகளிடம் மட்டும் தமிழில் பேசுவார். "திட்டறதுக்கு ஒரு ஆளைப் புடிச்சிக்கினு வாங்க. இல்லைன்னா இந்த சப்ஜெக்டை அடுத்த வருஷமும் என்கிட்டயே படிங்க. எனக்கு ஒண்ணும் கஷ்டமில்ல."

அந்தப் பாடத்தின் பெயர் நீளமானது. ஆப்ஜெக்ட் ஓரியண்டட் அனாலிசிஸ் அண்ட் டிசைன். பெயர்தான் மிரட்டும், விஷயம் மிரட்டாது. ஒரு நல்ல டிபன் ஓட்டலில் போய் உட்காருங்கள். தோசை வேண்டுமென்று நீங்கள் சமையலறைக்குள் நுழைந்து கல்லில் மாவை ஊற்றுவதில்லை. சர்வரிடம் ஒரு வார்த்தை சொல்கிறீர்கள். சர்வர் தோசை மாஸ்டரிடம் ஒரு வார்த்தை சொல்கிறார். கல் எவ்வளவு சூடு என்பது மாஸ்டருக்குத் தெரியும். சர்வருக்குத் தெரிய வேண்டியதில்லை. எந்த மேஜை எது என்பது சர்வருக்குத் தெரியும். மாஸ்டருக்கு அது எதற்கு? அவரவருக்குத் தெரிந்ததை அவரவர் வைத்துக்கொண்டு, மற்றதை வாயால் கேட்டு வாங்கினால் ஓட்டல் நடக்கிறது. மென்பொருளையும் அப்படிக் கட்டலாம் என்பதுதான் பாடம். புரோகிராம் எழுத உட்காரும் முன் மூன்று கேள்விகள்: இந்த வேலையில் யார் யார் இருக்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் என்ன தெரியும், யார் யாரிடம் எதைக் கேட்பார்கள். 'தோசை மாஸ்டர்' என்ற வகைக்குப் பெயர் கிளாஸ். இன்றைக்குக் கல்லுக்கு முன் வியர்த்துக்கொண்டு நிற்கிற அந்த ஒருவர் ஆப்ஜெக்ட். அவ்வளவுதான்.

தரணிக்கு இது பிடித்துப்போய்விட்டது. ஷேர் ஆட்டோவில் போகும்போதுகூட டிரைவர், பயணி, ஸ்டாண்டு என்று மனத்துக்குள் கட்டம் போடுவாள். இப்படிப்பட்ட பாடத்தில் ஒரு வருடம் பின்தங்குவதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. திட்டுவதற்கு ஒரு ஆள் வேண்டும். எங்கே போவது?

ஆள் தானாகவே போன் செய்தார். அவளுடைய அப்பா கோவர்த்தனன், அவளுக்கு நைனா. நகரிக்குப் பக்கத்தில் கரும்பும் நெல்லும் வைத்திருக்கிறவர். மூத்த மகள் நந்திதாவுக்குக் கல்யாணம். திருச்சானூரில் மண்டபம் எடுத்தாகிவிட்டது. மாப்பிள்ளை ஸ்ரீஹரிக்குக் காளஹஸ்தி.

"யாரு எந்த வேன்ல வர்றது, எந்த லாட்ஜில தங்கறது, வாசல்ல யாரு நிக்கறது, ஒண்ணொண்ணுக்கும் போனு. காதே சூடாயிப்போச்சு தரணி. ஒருத்தர்கிட்ட சொன்னா இன்னொருத்தர், என்கிட்ட சொல்லலையேன்னு கேக்கறாங்க."

"நைனா, அதை என்கிட்ட வுடு. நானும் கிரணும் ஒரு புரோகிராம் எழுதறோம். அவங்கவங்க போனுக்கு அவங்கவங்க வேலை மெசேஜா போயிடும்."

"தப்பாப் போச்சுன்னா?"

"திட்டு."

"அத நான் நல்லா பண்ணுவேனே!"

மறுநாள் மேடத்தின் அறையில் தரணி மகிழ்ச்சியோடு சொன்னாள். "மேடம், திட்டறதுக்கு ஒரு மண்டபமே இருக்குது."

மேடம் விவரம் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "சரே. நானும் வரேன். சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்புல ஆரம்பிச்சு, மறுநாள் தாலி கட்டற வரைக்கும் பாப்பேன். அதான் உங்க ரெவ்யூ. புரோகிராம் நின்னு போயி எல்லாரும் பழையபடி போன் பண்ண ஆரம்பிச்சா, அடுத்த வருஷம் பாக்கலாம்."

இருவரும் கேண்டீன் மேஜையில் வரைய உட்கார்ந்தார்கள். கிரண்குமாரின் ஊர் சத்தியவேடு பக்கம். வேகமாக எழுதுவான், அதைவிட வேகமாகத் தின்பான்.

முதலில் 'விருந்தினர்' என்று ஒரு கிளாஸ். பெயர், போன் எண், தங்கும் அறை, வரும் வேன். இது எல்லா விருந்தினருக்கும் பொது. அதன் கீழே இரண்டு பிள்ளைகள்: 'பெண் வீட்டார்', 'மாப்பிள்ளை வீட்டார்'. பொதுவானதையெல்லாம் மேலே இருப்பதிலிருந்து இரண்டும் எடுத்துக்கொள்ளும். தனக்கென்று உள்ளதை மட்டும் சேர்த்துக்கொள்ளும். பெண் வீட்டாருக்கு வரவேற்கிற வேலைகள். மாப்பிள்ளை வீட்டாருக்கு வரவேற்கப்படுகிற வேலைகள். பாடத்தில் இதற்கு இன்ஹெரிட்டன்ஸ் என்று பெயர். பெற்றவர்களின் சொத்து பிள்ளைகளுக்கு வருவது போல. ஒரே விஷயத்தை இரண்டு இடத்தில் எழுத வேண்டியதில்லை என்பதுதான் இதில் சுகம்.

படம் தராசு மாதிரி இரண்டு பக்கமும் சமமாகத் தொங்கியது. கிரண் தள்ளி நின்று பார்த்தான். "கண்ணாடி போட்டு மாட்டலாம் போல கீது தரணி."

இங்கே ஒரு வெளியூர்க்காரர் உட்கார்ந்திருந்தால் ஒரு கேள்வி கேட்டிருப்பார்: இரண்டு குடும்பமும் எப்படிப் பழக்கம்? இவர்கள் கேட்கவில்லை. ஸ்ரீஹரியின் அம்மா யசோதா, கோவர்த்தனனின் சொந்த அக்கா. நந்திதா கட்டிக்கொள்ளப் போவது அத்தை மகனை. நகரிப் பக்கத்திலும் சத்தியவேடு பக்கத்திலும் அதில் சொல்வதற்கு ஒன்றுமில்லை. சொல்லாமலே இருவருக்கும் தெரியும். தெரிந்தது என்றே தோன்றாத அளவுக்குத் தெரிந்த விஷயம் அது. அதனால்தான் படத்தில் ஏறவில்லை. பத்திரிகையில் இரு வீட்டார் என்று அச்சாகியிருக்கிறது, மண்டபத்தில் இரண்டு அறைகள் இருக்கின்றன, வீடியோ எடுக்கிறவர்கூட நீங்கள் எந்தப் பக்கம் என்றுதான் கேட்கிறார். பக்கம் இரண்டு என்பதில் யாருக்கு என்ன சந்தேகம் வரப் போகிறது?

பெண் வீட்டுப் பெயர்களை நைனா போனில் சொன்னார். மாப்பிள்ளை வீட்டுப் பெயர்களை யசோதா அத்தை குரல் செய்தியாக அனுப்பினார். நைனாவுக்கும் அத்தைக்கும் ஒரே தம்பி, வேதாச்சலம். புத்தூரில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். நைனா அவரைத் தன் தம்பியாகச் சொன்னார். அத்தை தன் தம்பியாகச் சொன்னார். தரணி ஒரு பக்கத்தைப் பதிந்தாள், கிரண் மறுபக்கத்தைப் பதிந்தான். கம்ப்யூட்டருக்குள் இரண்டு வேதாச்சலங்கள் பிறந்தார்கள். ஒருவர் இருப்பது மற்றவருக்குத் தெரியாது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் திருச்சானூர் மண்டபத்தில் எல்லாம் ஒழுங்காகப் போனது. லாட்ஜில் இறங்கினவர்கள் போனைப் பார்த்தே தங்கள் அறைக்குப் போனார்கள். பூக்காரருக்கு மெசேஜ், பந்தலுக்கு மெசேஜ். "நைனா, உன் போனு அடிக்குதா?" என்று தரணி கேட்டாள். "இன்னும் இல்லம்மா. அதான் பயமா கீது" என்றார் கோவர்த்தனன்.

வேதாச்சலம் சித்தப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. வந்தவர்களிடமெல்லாம் போனை நீட்டினார். "எங்க அண்ணன் பொண்ணு எய்தினது. நாம யோசிக்கவே வாணாம். அதுவே சொல்லும், நாம போய் நின்னா போதும்."

அவருக்கு இரண்டு மெசேஜ்கள் வந்திருந்தன. ஒன்று: 'ஐந்து மணிக்கு லாட்ஜ் வாசலில் மாப்பிள்ளையுடன் வேனில் ஏறவும்.' இன்னொன்று: 'ஐந்தரைக்கு மண்டப வாசலில் சந்தனக் கிண்ணத்துடன் நின்று மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்கவும்.' கோவர்த்தனனுக்கு ஆண் பிள்ளை இல்லை. மச்சான் நிற்க வேண்டிய இடத்தில் சித்தப்பா நிற்பது என்று முன்பே பேசி வைத்திருந்தார்கள். யசோதாவும் மகனின் தாய்மாமன் என்று அவரை வேனில் சேர்த்திருந்தார்.

வேதாச்சலம் இரண்டையும் படித்தார். அவர் முகம் மலர்ந்தது. ஐந்துக்கு ஏறினால் வேன் ஐந்தரைக்கு மண்டபத்தில் நிற்கும். ஐந்தரைக்குத் தானும் மண்டபத்தில் இருக்க வேண்டும். "இன்னா கணக்கா போட்டுக்கீது பாரேன்!" என்று வியந்துகொண்டே சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய் வேனில் உட்கார்ந்தார்.

மனோரமா மேடம் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கி, மண்டப வாசலுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பேண்டு வாத்தியத்தோடு வேன் வந்து நின்றது. தரணியின் போனில் 'வேன் வந்தாச்சு' என்று விழுந்தது. அடுத்து வாசலில் நிற்பவர் 'வரவேற்றாச்சு' என்று அழுத்த வேண்டும். அழுத்தினால்தான் சமையலறைக்கு டிபன் பரிமாறச் சொல்லி மெசேஜ் போகும். ஒன்று முடிந்தால் இன்னொன்று. அழகான சங்கிலி.

வாசலில் யாரும் இல்லை.

வேன் ஜன்னல் திறந்தது. யசோதா அத்தை தலையை நீட்டினார். "ஏன்டா கோவர்த்தனா, வாசல்ல ஒரு ஆளும் நிக்கலையே! பொண்ணு குடுக்கறோம்னு கொழுப்பா?"

"ஆளு கீறான் அக்கா. தோ, வந்துகினு இருக்கான்."

"எங்கேருந்து வர்றான்? மெட்ராஸ்லேருந்தா?"

கோவர்த்தனன் திரும்பிக் கத்தினார். "வேதாச்சலம் எங்கடா? சந்தனம் யாருகிட்ட?"

வேனுக்குள்ளிருந்து, மாப்பிள்ளைக்குப் பின் சீட்டிலிருந்து, பணிவான குரல் வந்தது. "இங்கதான் கீறேன் அண்ணா. சந்தனமும் என் மடியிலதான் கீது."

"அங்க இன்னா பண்றே? எறங்கி வாடா!"

அவர் எழுந்தார். யசோதா அவர் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார். "மாப்ளை வூட்டு ஆளு எவனும் சந்தனம் வைக்காம எறங்கக் கூடாது. நீ என் பக்கம் வந்தவன். மருவாதியா உக்காரு."

"அக்கா, சந்தனம் வைக்கறவனே நான்தானே?"

"அப்ப அவன் வந்து வைக்கட்டும், நீ எறங்கு."

ஸ்ரீஹரி கோட்டுக்குள் வியர்வையில் நனைந்துகொண்டிருந்தான். "மாமா, நானாச்சும் எறங்கட்டுமா?"

"உக்காருடா!" என்றார்கள் அக்காவும் தம்பிகளும் ஒரே குரலில்.

பேண்டுக்காரர்கள் வாசித்த பாட்டு முடிந்து அதையே மறுபடி ஆரம்பித்தார்கள். சமையல்கார அப்பாவு கரண்டியோடு வெளியே வந்தார். "மெசேஜ் வரலையேம்மா. பஜ்ஜி போடறதா வாணாமா?"

இதற்குப் பாடத்தில் டெட்லாக் என்று பெயர். குறுகலான சந்தில் எதிரெதிரே வந்த இரண்டு பேர், நீங்கள் முதலில் போங்கள் என்று ஒருவருக்கொருவர் வழிவிட்டு நின்றுகொண்டேயிருப்பது. இரண்டு பேருமே மரியாதையானவர்கள். அதனால்தான் இரண்டு பேரும் நகர்வதில்லை. இங்கே அந்த இரண்டு பேரும் ஒரே ஆள்.

தரணி மேடத்தைத் திரும்பிப் பார்த்தாள். மேடம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார். "பதினஞ்சு வருஷமா இதை போர்டுலதான் வரைஞ்சு காட்டறேன் தரணி. பேண்டு வாத்தியத்தோட இப்பதான் பாக்கறேன்."

கடைசியில் தரணியின் அம்மா பிரமிளா வந்தார். வேன் ஜன்னலுக்குள் கையை விட்டார். "குடு இங்க" என்று கிண்ணத்தை வாங்கினார். மாப்பிள்ளைக்கு வைத்தார், நாத்தனாருக்கு வைத்தார், கொழுந்தனாருக்கு மட்டும் நெற்றி, கன்னம், மூக்கு என்று ஒன்றுக்கு மூன்றாகப் பூசினார். வேதாச்சலம் வேனிலிருந்தபடியே 'வரவேற்றாச்சு' என்று அழுத்தினார். சமையலறையில் மெசேஜ் மணி அடித்தது. "வந்துச்சு, வந்துச்சு!" என்று அப்பாவு கரண்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். கூட்டம் கைதட்டியது.

கோவர்த்தனன் மகளிடம் வந்தார். "திட்டட்டுமா?"

"திட்டு நைனா."

வாயைத் திறந்தார். சிரிப்புதான் வந்தது. அதை அடக்கிக்கொண்டு சொன்னார். "இது அழைப்பு, சிரிச்சிட்டோம். காத்தால முகூர்த்தம். அப்ப இப்டி நின்னுபோச்சுன்னா நான் சிரிக்க மாட்டேன்."

மேடமும் நாற்காலியிலிருந்து எழுந்தார். "இன்னும் நிக்கல, தடுக்குச்சு, அவ்ளோதான். தாலி கட்டற வரைக்கும் டைம் இருக்குது" என்று பஜ்ஜி சாப்பிடப் போனார். எப்படிச் சரிசெய்வது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

தேங்காய் மூட்டைகள் அடுக்கியிருந்த அறையில் இருவரும் லேப்டாப்பைத் திறந்தார்கள். அதற்குள் கிரண் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டான்.

"சிம்பிள். மூணாவதா ஒரு கிளாஸ் போடலாம். 'ரெண்டு வீட்டார்'. உங்க சித்தப்பாவைத் தூக்கி அதுல போட்டுடு."

"அவரு ஒருத்தருக்காக ஒரு கிளாஸா?"

"இன்னும் ரெண்டு பேரு இருப்பாங்க. போய்க் கேட்டுக்கினு வா."

பந்தி நடந்துகொண்டிருந்தது. தரணி நடுவில் நின்று உரக்கக் கேட்டாள். "ரெண்டு பக்கமும் சொந்தம் இருக்கறவங்க கொஞ்சம் கை தூக்குங்க!"

சாம்பார் கைகள் எழுந்தன. ஒரு வரிசை முழுக்க எழுந்தது. எதிர் வரிசையிலும் எழுந்தது. பரிமாறிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கை தூக்கினார். ஸ்ரீஹரியும் தூக்கினான்.

"நீங்க எதுக்கு மாமா தூக்கறீங்க? நீங்கதானே மாப்பிள்ளை!"

"மாப்ளை நாளைக்குத்தானே. பொறந்ததுலேருந்து நான் உங்க நைனாவுக்கு அக்கா பையன். உங்க வூட்டுலதானே பாதி நாள் துன்னு வளர்ந்தேன்?"

"அப்ப நான்?" என்று அவன் பக்கத்து இலையிலிருந்து நந்திதா கேட்டாள். "நான் அவங்க அம்மாவுக்குத் தம்பி பொண்ணு." அவளும் கையைத் தூக்கினாள்.

மூலையிலிருந்து வழுக்கைத் தலைக்காரர் ஒருவர் எழுந்து நின்றார். "பாப்பா, நான் உங்க நைனாவுக்கு மச்சான் முறை. மாப்ளையோட அப்பாவுக்குப் பங்காளி. சமையல் அப்பாவுவுக்கு சிநேகிதன். நான் எந்தக் கட்சின்னு நீயே சொல்லு!"

தரணி ஓடி வந்தாள். "கிரண், மூணாவது போதாது. நாலாவது, அஞ்சாவதுன்னு போய்க்கினே இருக்கும்."

"இன்னா சொந்தம்டா உங்களது!" என்று அவன் தலையில் கை வைத்தான். பிறகு கையை எடுத்தான். "எங்க ஊர்லயும் அப்டிதான் கீது. நான் ஏன் யோசிக்கல?"

கதவிடுக்கில் தெரிந்த வேதாச்சலம் சித்தப்பா முகத்தில் சந்தனத்தோடு தண்ணீர் பரிமாறிக்கொண்டிருந்தார். காலையில் அவர் புத்தூர்க் கடையில் காக்கிச் சட்டையில் இருந்திருப்பார். இப்போது பட்டு வேட்டி. நாளை வேறு சட்டை. சட்டை மாறியதற்காக அவரை வேறு ஆள் என்று யாராவது சொல்கிறார்களா?

"கிரண்," என்றாள் தரணி மெதுவாக. "பெண் வீடுங்கறது அவரு இல்ல. அவரு போட்டுக்கினு இருக்கற சட்டை."

கிரண் நிமிர்ந்தான். அதற்கு மேல் அவனுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

நமக்கு விளக்கலாம். அவர்கள் முதலில் வரைந்த படத்தில் ஒரு மனிதர் பிறக்கும்போதே பெண் வீட்டாராகவோ மாப்பிள்ளை வீட்டாராகவோ பிறந்தார். பிறப்பை மாற்ற முடியாது. இரண்டுமாக இருக்க வேண்டுமென்றால் இரண்டு முறை பிறக்க வேண்டும். வேதாச்சலம் அப்படித்தான் இரண்டு முறை பிறந்தார். புதிய படத்தில் 'ஆள்' என்று ஒரே கிளாஸ். அவருக்கு ஒரு பெயர், ஒரு போன். 'பொறுப்பு' என்று தனியாக ஒரு கிளாஸ்: எந்த முறையில், எந்த நேரத்தில், என்ன வேலை. ஓர் ஆள் எத்தனை பொறுப்புகளை வேண்டுமானாலும் கையில் வைத்துக்கொள்ளலாம், வாங்கலாம், இறக்கி வைக்கலாம். இதில் இன்னொரு லாபமும் தானாகவே வந்தது. எல்லாப் பொறுப்பும் ஒரே ஆளிடம் இருப்பதால், ஒரே நேரத்தில் இரண்டு விழுந்தால் அவருக்கே தெரியும்.

"விழுந்தா எதை எடுக்கறது?" என்று கிரண் கேட்டான். "பெருசு சின்னதுன்னு நம்பர் குடுத்துடலாமா? பெரிய நம்பர் ஜெயிக்கும்."

"எது பெருசுன்னு நமக்கு எப்டித் தெரியும்? அவரையே கேக்கலாம். அவரு ஒண்ணை எடுத்துக்கட்டும். வுட்டதை, அதே முறை இருக்கற வேற ஆளுக்குப் புரோகிராம் அனுப்பட்டும்."

கிரண் ஒரு கையால் தின்றுகொண்டு மறு கையால் தட்டினான். தரணி ஒவ்வொரு உறவையும் சொல்லச் சொல்லப் பதிந்தான். கடைசிப் பந்தி எழுவதற்குள் பழைய படம் போய்ப் புதியது ஓட ஆரம்பித்தது. சோதித்துப் பார்க்க அடுத்த அறையிலேயே ஆட்கள் இருந்தார்கள், கேட்டால் கை தூக்குகிற ஆட்கள்.

காலையில் முகூர்த்த நேரம். அந்தக் குடும்பத்தில் இரண்டு வழக்கங்கள் உண்டு. மாப்பிள்ளைக்குத் தாய்மாமன் நெற்றியில் பட்டம் கட்ட வேண்டும். அதே நேரம் பெண்ணின் அப்பாவோடு பிறந்தவர் ஒருவர் பெண்ணைக் கைப்பிடித்து மணவறைக்கு அழைத்து வர வேண்டும். இரண்டுமே வேதாச்சலம்.

அவர் போன் அதிர்ந்தது. 'உங்களுக்கு ஒரே நேரத்தில் இரண்டு பொறுப்புகள். எதைச் செய்கிறீர்கள்?' கீழே இரண்டு பட்டன்கள்.

வேதாச்சலம் போனைப் பார்த்தார். மணவறையைப் பார்த்தார். மணமகள் அறைக் கதவைப் பார்த்தார். தரணியும் கிரணும் தூணுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மேளக்காரர் புரோகிதரைப் பார்த்தார். புரோகிதர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முதல் வரிசையில் மேடம் சிரிக்கவில்லை. முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"நந்திதா என் கையைப் புடிச்சி நடை பழகின புள்ள" என்று வேதாச்சலம் தனக்குள் சொல்லிக்கொண்டார். "ஆனா பட்டம் கட்ட மாமன் வேற யாரு கீறாங்க? அண்ணன் தாரை வார்க்கப் போறாரு." பட்டம் என்றிருந்த பட்டனை அழுத்திவிட்டு மணவறை ஏறினார்.

ஒரு விநாடி ஒன்றும் நடக்கவில்லை.

மாப்பிள்ளைப் பக்கத்து வரிசையில் ஒரு கைப்பைக்குள் மணி அடித்தது. யசோதா அத்தை போனை எடுத்து, தூரமாகப் பிடித்து, வாய்விட்டுப் படித்தார். "'நந்திதாவின் அத்தை என்ற முறையில், மணமகளைக் கைப்பிடித்து மணவறைக்கு அழைத்து வரவும்.'" நிமிர்ந்தார். "நானா?"

பழைய படமாக இருந்தால் அவருக்கு இது வந்தே இருக்காது. அவர் மாப்பிள்ளையின் அம்மா. மாப்பிள்ளையின் அம்மா போய்ப் பெண்ணை அழைத்து வருவாரா என்று அந்தப் படம் கேட்டிருக்கும். புதிய படம் அவரிடம் இருந்த இன்னொரு உறவைப் பார்த்தது. அவரும் கோவர்த்தனனோடு பிறந்தவர்தான்.

கோவர்த்தனன் மணவறையிலிருந்து அக்காவையே பார்த்தார். தரணி விரல்களை மடக்கிக்கொண்டாள். வேண்டாமென்று அத்தை உட்கார்ந்துவிட்டால் யாரோ ஓடுவார்கள், யாரோ போன் செய்வார்கள், அதோடு ரெவ்யூ முடிந்தது.

யசோதா போனைப் பையில் போட்டார். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினார். மாப்பிள்ளை வரிசையிலிருந்து எழுந்து, மண்டபத்தின் நடுவே நடந்து, மணமகள் அறைக்குள் போனார். வரும்போது நந்திதாவின் கை அவர் கைக்குள் இருந்தது. இருவரும் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் வந்தார்கள்.

"பாருடி, மாமியாரே பொண்ணைக் கூட்டிக்கினு வர்றாங்க!" என்று யாரோ சத்தமாகவே சொன்னார்கள்.

யசோதா நடையை நிறுத்தாமல் பதில் சொன்னார். "மாமியாரு இன்னும் கொஞ்ச நேரம் கழிச்சு. இப்ப நானு அத்தை."

கெட்டிமேளம் கொட்டியது. தாலி கட்டும்போது கோவர்த்தனனின் போன் ஒரு தடவைகூட அடிக்கவில்லை. அட்சதை மழையில் தரணியும் கிரணும் ஒருவரையொருவர் பார்த்துச் சத்தம் போட்டுச் சிரித்தார்கள். மேளத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை.

மேடம் தலையில் விழுந்த அரிசியைத் தட்டிக்கொண்டு வந்தார். "எல்லாம் சரி. எனக்கு ஒரு குறை. நேத்துலேருந்து எல்லாருக்கும் மெசேஜ் வருது, எனக்கு ஒண்ணும் வரலையே?"

"உங்களுக்கு ஒரு பொறுப்பும் இல்லையே மேடம்" என்றாள் தரணி.

"அப்ப குடு. ஆனா 'ஆள்' கிளாஸ்ல ஒரு வரியும் தொடக் கூடாது. புதுசா ஒரு பொறுப்பு மட்டும் சேர்க்கணும். அது முடிஞ்சாத்தான் உங்க டிசைன் டிசைன்."

கிரண் அங்கேயே தரையில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தான். மேடத்தின் பெயரும் எண்ணும் ஏற்கெனவே ஆட்கள் பட்டியலில் இருந்தன. அவன் ஒரே ஒரு புதிய பொறுப்பை எழுதினான். வேறு எதையும் திறக்கவில்லை. மேடம் அவன் தோளுக்கு மேலாக ஒவ்வொரு எழுத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கையிலிருந்த போன் அதிர்ந்தது.

'வாசலில் நின்று, விடைபெறுபவர்களுக்குத் தாம்பூலம் கொடுக்கவும்.'

மேடம் அதை இரண்டு முறை படித்தார். தன் கைப்பையைக் கழற்றிக் கிரணின் தோளில் மாட்டினார். "பாஸ். ரெண்டு பேரும். இதைப் பத்திரமா வெச்சிரு" என்று சொல்லிவிட்டு வேகமாக வாசலுக்கு நடந்தார்.

கொஞ்ச நேரத்தில் அவர் கை நிறையத் தாம்பூலப் பைகளோடு நின்றார். தேங்காய், வெற்றிலை, பாக்கு, மஞ்சள். ஒவ்வொருவர் கையிலும் வைத்துக் கும்பிட்டார். வயதான ஒருவர் பையை வாங்கிக்கொண்டு அவர் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"தெரியலையேம்மா. நீங்க பொண்ணு வூடா, மாப்ளை வூடா?"

"நான் ப்ராஜெக்ட் வீடு" என்றார் மேடம்.

பெரியவர் அதையும் ஏதோ ஒரு முறையாக எடுத்துக்கொண்டு தலையாட்டினார். "அப்டியா, ரொம்ப சந்தோஷம்மா. ஒரு நாள் வூட்டுக்கு வாங்க" என்று சொல்லி, ஷேர் ஆட்டோவைப் பிடிக்கத் தெருவில் இறங்கினார்.